சுடுவது கடைசி வேலை!

ஒரு மலைச்சரிவு. காலை நேரம். முதுகில் மூட்டை, தோளில் துப்பாக்கி. ஒருவர் வந்து நிற்கிறார்.

எதிரே பெரிய பள்ளத்தாக்கு. புல், புதர், பாறை. அதற்குள் எங்கேயோ நான்கு இரும்புத் தகடுகள் இருக்கின்றன. எங்கே என்று யாரும் சொல்லமாட்டார்கள். எவ்வளவு தூரம் என்றும் சொல்லமாட்டார்கள்.

"நேரம் தொடங்குகிறது!" என்கிறார் நடுவர்.

நான்கே நிமிடம்!

நம்மவர் என்ன செய்கிறார்? மூட்டையை இறக்குகிறார். துப்பாக்கியைப் பாறை மேல் வைக்கிறார். படுக்கிறார். துப்பாக்கியின் மேலே உள்ள தொலைநோக்கியில் கண்ணை வைக்கிறார். புல் தெரிகிறது. இன்னொரு பக்கம் திருப்புகிறார். பாறை தெரிகிறது. மறுபடியும் புல்!

இரண்டு நிமிடம் போய்விட்டது. அப்பாடா, ஒரு தகடு அகப்பட்டது. தூரம் அளக்கும் கருவியைத் தேடுகிறார். அது மூட்டையின் அடியில் கிடக்கிறது. மூட்டையைக் கவிழ்த்து, கருவியை எடுத்து, அளந்து, திரும்பப் படுத்து, மூச்சு இரைக்க இரைக்கச் சுடுகிறார். தூசி பறக்கிறது. தகடு அசையவில்லை. இன்னொரு குண்டு. அதுவும் தூசிதான்.

"நேரம் முடிந்தது!"

புள்ளி எவ்வளவு? பூஜ்யம்.

இத்தனைக்கும் அவருடைய துப்பாக்கி மட்டமானது அல்ல. நூறு கெஜத்தில் ஐந்து குண்டுகளைச் சுட்டால், ஐந்தும் ஒரு காசு அளவு இடத்துக்குள் போய் விழும். அப்படிப்பட்ட துப்பாக்கி!

பிறகு ஏன் தோற்றார்? அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எங்கே நடக்கிறது?

இது அமெரிக்காவில் நடக்கும் போட்டி. மேற்கே மலையும் மேய்ச்சல் நிலமுமாகப் பரந்து கிடக்கும் யூட்டா, வயோமிங் போன்ற மாநிலங்கள் இதற்கு வசதியான இடங்கள்.

ஒலிம்பிக்கில் ரைபிள் சுடும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். தூரம் 10 மீட்டர். அல்லது 50 மீட்டர். அது மாறாது. குறியும் ஓர் இடத்தில் அசையாமல் இருக்கும். போட்டிக்கு வருகிறவர் அதே தூரத்தில், அதே குறியை, ஆயிரம் தடவை சுட்டுப் பழகிவிட்டு வரலாம்.

இது வேறு. வெட்டவெளியில், காற்றிலும் வெயிலிலும் சுடவேண்டும். ஒரு குறி 300 கெஜத்தில் இருக்கும். அடுத்தது 700 கெஜத்தில் இருக்கும். (ஒரு கெஜம் என்பது மூன்று அடி. அமெரிக்காவில் இன்னும் கெஜக் கணக்குத்தான்!)

2012-ஆம் ஆண்டில் 'பிரிசிஷன் ரைபிள் சீரிஸ்' என்ற தொடர் போட்டி அங்கே தொடங்கியது. பிறகு 'நேஷனல் ரைபிள் லீக்' என்ற அமைப்பும் வந்தது. முதலில் சொன்னதில், பெரும்பாலும் குறிகளை முன்னாலேயே காட்டிவிடுவார்கள். தூரத்தையும் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது அமைப்பு, வேட்டைக்காரர்களை மனத்தில் வைத்து, 'ஹன்டர்' என்ற பெயரில் ஒரு போட்டி நடத்துகிறது. அதில் இந்தச் சலுகை கிடையாது. "இங்கேயிருந்து அங்கே வரை" என்று எல்லை மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் உங்கள் பாடு!

முதல் குண்டிலேயே தகட்டில் பட்டால் 2 புள்ளி. அது தவறி, இரண்டாவது குண்டு பட்டால் 1 புள்ளி. மூன்றாவது குண்டு கிடையாது.

துப்பாக்கியின் எடைக்கும் கட்டுப்பாடு உண்டு. ஒரு பிரிவில் 12 பவுண்டு. இன்னொரு பிரிவில் 16 பவுண்டு. ஏன் இந்தக் கட்டுப்பாடு? துப்பாக்கி கனமாக இருந்தால் ஆடாது. சுடுவது சுலபம். ஆனால் அம்மிக்கல் கனமுள்ள துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு யாராவது மலையேறி வேட்டைக்குப் போவார்களா?

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் இத்தகைய துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது. அங்கே வேட்டை என்பது, உரிமமும் பருவமும் எண்ணிக்கையும் வகுத்து அரசாங்கமே அனுமதிக்கும் ஒன்று. ஆகையால்தான் இந்தப் போட்டியும் அங்கே வளர்ந்திருக்கிறது.

என் கட்சி

நான்கு நிமிடத்துக்குள் என்னென்ன வேலை? குறியைக் கண்டுபிடிக்க வேண்டும். தூரம் அளக்க வேண்டும். காற்றைக் கணக்கிட வேண்டும். துப்பாக்கியை ஆடாமல் வைக்க ஓர் இடம் அமைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் விசையை அழுத்த வேண்டும்.

விசையை அழுத்துவது ஒரு விநாடி வேலை. ஆனால் போட்டிக்குத் தயாராகிறவர் எதைப் பழகுகிறார்? அந்த ஒரு விநாடியைத்தான்!

சுடுதளத்துக்குப் போகிறார். அங்கே சிமெண்டு மேஜை இருக்கிறது. மணல் மூட்டை இருக்கிறது. 100 கெஜத்தில் காகிதம் மாட்டியிருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஐம்பது குண்டு சுடுகிறார். "ஆகா, என்ன துல்லியம்!" என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். மறுநாள் இன்னும் நல்ல தொலைநோக்கி வாங்கலாமா என்று விலைப்பட்டியல் பார்க்கிறார்.

மலையில் சிமெண்டு மேஜை ஏது?

என் கட்சி இதுதான்: இந்தப் போட்டிக்குத் தயாராவதில் பெரும்பகுதியைத் துப்பாக்கியைத் தொடாமலே செய்யவேண்டும். மீதியில் பெரும்பகுதியைக் குண்டு போடாமல் செய்யவேண்டும். குண்டு போட்டுச் சுடுவது கடைசி.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "சுடாமல் சுடக் கற்றுக்கொள்ள முடியுமா? நீந்தாமல் நீச்சல் வருமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். சுடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. இந்த ரகக் குண்டு ஒன்றுக்கு ஒன்றரை டாலர், இரண்டு டாலர் ஆகிறது. நூறு குண்டு சுட்டால் ஒரு குடும்பத்தின் ஒரு வார மளிகைச் செலவு போய்விடும். பிள்ளைகுட்டி உள்ளவர் எத்தனை நூறு சுடமுடியும்? சுடமுடிகிற அந்தச் சில குண்டுகளும், மேஜை மேல் வீணாகலாமா?

தேடும் கண்

முதல் வேலை, கண்டுபிடிப்பது. இதற்குத் துப்பாக்கி தேவையே இல்லை. ஒரு பைனாகுலர் போதும். அதை வைக்க ஒரு முக்காலி இருந்தால் இன்னும் நல்லது. கையில் பிடித்தால் ஆடும். ஆடினால் கண்ணுக்கு ஒன்றும் படாது.

துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாகத் தேடுவதைப்போல் முட்டாள்தனம் வேறு இல்லை. அது பெரிதாக்கிக் காட்டும். ஆனால் கையளவு இடத்தைத்தான் காட்டும். சாவித் துவாரம் வழியாக வீட்டைச் சுற்றிப் பார்ப்பது போல!

எப்படித் தேடுவது? முதலில் வெறுங்கண்ணால் முழுவதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பைனாகுலரை எடுத்து, பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கி, இடமிருந்து வலம், கொஞ்சம் மேலே ஏற்றி வலமிருந்து இடம் என்று பார்க்கவேண்டும். உழவன் ஏர் ஓட்டுவது போல! ஒரு சால் விட்டுப்போகக்கூடாது. ஆனால் மனித சுபாவம் என்ன? கண் அங்கே ஓடும், இங்கே ஓடும். பார்த்த இடத்தையே மூன்று தடவை பார்க்கும். பார்க்காத இடம் பார்க்காமலே இருக்கும்.

இதைப் பழக நல்ல வழி ஒன்று உண்டு. வீட்டில் பையன் இருந்தால் அவனிடம் நாலு சீட்டைக் கொடுங்கள். சீட்டாடும் சீட்டுத்தான். "பூங்காவில் எங்கேயாவது செருகிவிட்டு வா, எனக்குச் சொல்லாதே" என்று அனுப்புங்கள். அவன் மரக்கிளையில் ஒன்று, வேலியில் ஒன்று என்று வைத்துவிட்டு வருவான். அப்பா பைனாகுலரோடு உட்காரவேண்டும். பையன் கையில் கடிகாரம். நான்கையும் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம்?

பையனுக்கு அது விளையாட்டு. அப்பாவுக்கு அதுதான் பயிற்சி. பையன் விடமாட்டான். ஒவ்வொரு வாரமும் இன்னும் தந்திரமாக ஒளித்து வைப்பான். போட்டி நடத்துகிறவர்களை விடப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்!

கண்டுபிடித்ததை மறந்துபோவதும் உண்டு. பைனாகுலரில் பார்த்துவிட்டுத் துப்பாக்கியிடம் போனால் "எந்தப் புதர்?" என்று தெரியாது. ஆகையால் கண்டவுடன் அடையாளம் சொல்லிக்கொள்ள வேண்டும். "ஒற்றை மரம், அதன் வலத்தில் வெள்ளைப் பாறை, பாறைக்குக் கீழே" என்று வாய்விட்டே சொல்லலாம். ஒன்றும் தவறு இல்லை.

ஓர் அடி வித்தியாசம்

தூரம் அளக்க லேசர் கருவி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் எண் வரும். இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும்.

கஷ்டம் இருக்கிறது. ஒளி தகட்டில் பட்டுத்தான் திரும்பவேண்டும் என்று கட்டாயம் இல்லை. முன்னால் நிற்கும் புல்லில் படலாம். பின்னால் இருக்கும் மேட்டில் படலாம். கருவி பொய் சொல்லாது. ஆனால் நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிடும்!

அதனால் என்ன கெட்டுவிடும்? கணக்கைப் பாருங்கள்.

இந்தப் போட்டிகளில் '6.5 கிரீட்மோர்' என்ற ரகக் குண்டைப் பலர் பயன்படுத்துகிறார்கள். விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பும். ஆனாலும் பூமி அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியை, 600 கெஜத்தில் உள்ள தகட்டுக்கு நேராகப் பிடித்துச் சுட்டால், குண்டு ஏறக்குறைய 7 அடி கீழே போகும். 1,000 கெஜம் என்றால் ஏறக்குறைய 26 அடி! இரண்டு மாடி வீட்டின் உயரம்.

அதற்கு ஏற்ப, தொலைநோக்கியின் திருகைத் திருப்பி வைப்பார்கள். ஒரு சொடுக்குத் திருப்பினால் 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் ஏறும். இது சுலபம். ஆனால் 600 கெஜத்தில் உள்ளதை 650 என்று தப்பாக அளந்துவிட்டால்? குண்டு ஏறக்குறைய ஓர் அடி மேலே போய்விடும். தகட்டின் அகலமே பத்து, பன்னிரண்டு அங்குலம்தான். துப்பாக்கி எவ்வளவு உயர்ந்ததாக இருந்து என்ன பயன்?

ஆகவே ஒரு தடவை அளந்து நிறுத்தக்கூடாது. இரண்டு, மூன்று தடவை அளக்கவேண்டும். பக்கத்துப் பாறையையும் அளந்து ஒப்பிட வேண்டும். மலைச்சரிவில் மேலிருந்து கீழே சுடும்போது இன்னொரு விஷயம் உண்டு. 30 பாகை சரிவில் 600 கெஜம் என்றால், குண்டு கீழே இறங்கும் கணக்குக்கு அது 520 கெஜம்தான். பல கருவிகள் இதையும் கணக்கிட்டுச் சொல்லிவிடுகின்றன. ஆனால் தன் கருவியில் எந்த எண் எது என்று போட்டி அன்று விழிப்பவர் உண்டு!

கண்ணுக்குத் தெரியாத காற்று

எல்லாவற்றிலும் பெரிய எதிரி காற்றுதான். தூரத்தை அளக்கக் கருவி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றை அளக்கவும் கருவி இருக்கிறது. ஆனால் பள்ளத்தாக்கின் நடுவே வீசும் காற்றை அளந்து சொல்லும் கருவி உங்கள் கையில் இல்லை. அதைப் புல்லையும் இலையையும் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

மணிக்கு 10 மைல் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, 600 கெஜத்தில் அந்தக் குண்டை ஏறக்குறைய ஒன்றே முக்கால் அடி தள்ளிவிடும். 10 மைல் காற்றை நீங்கள் 7 மைல் என்று நினைத்தால் போதும். தகட்டின் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். வெறும் மூன்று மைல் வித்தியாசம்! முகத்தில் அது தெரியக்கூடத் தெரியாது.

இதற்கும் துப்பாக்கி வேண்டாம். காற்று வேகம் காட்டும் சிறு கருவி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆபீசுக்குப் போகும்போதும், நாயோடு உலாவப் போகும்போதும், சும்மா நின்று மரத்தைப் பார்க்கவேண்டும். "இது ஆறு மைல்" என்று முதலில் தானே சொல்லவேண்டும். பிறகுதான் கருவியைப் பார்க்கவேண்டும். இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் கருவியைப் பார்த்துவிட்டு, "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நாம் எல்லோரும் செய்கிற காரியம் அது!

மூன்று மாதம் இப்படி எழுதினால், அந்த நோட்டு ஒன்றைக் காட்டிக்கொடுக்கும். ஒருவர் எப்போதும் காற்றைக் குறைத்தே மதிப்பிடுவார். இன்னொருவர் கூட்டியே மதிப்பிடுவார். தன் குணம் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வீட்டில் ஒரு மலை

இனி, துப்பாக்கியைத் தொடலாம். ஆனால் குண்டு வேண்டாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. குண்டுகள் எல்லாம் வேறு அறையில், பூட்டிய பெட்டியில் இருக்கவேண்டும். துப்பாக்கியைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்கவேண்டும். ஒரு தடவை பார்த்தாயிற்று என்று விடாமல், மறுபடியும் பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் அந்த அறைப் பக்கம் வரக்கூடாது. சீட்டு ஒளிக்கும் விளையாட்டு வேறு, இது வேறு. துப்பாக்கி முனையை, ஆள் இருக்கும் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பக்கூடாது. போட்டியில் இந்தத் தவறைச் செய்தால் அங்கேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். எந்தச் சமாதானமும் எடுபடாது. எடுபடவும் கூடாது.

சரி, பயிற்சிக்கு வருவோம். மலையில் படுத்துச் சுடத் தோதான இடம் அநேகமாகக் கிடைக்காது. முன்னால் புல் மறைக்கும். பாறை மேல், அடிமரத்தின் மேல், மூட்டையின் மேல், முக்காலியின் மேல் என்று எதிலாவது துப்பாக்கியைச் சாய்த்துத்தான் சுடவேண்டும். வீட்டில் பாறைக்கு எங்கே போவது? நாற்காலியின் முதுகு இருக்கிறது. மாடிப்படி இருக்கிறது. சாப்பாட்டு மேஜை இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாறை!

சுவரில் சின்னப் புள்ளி ஒன்று. சமையலறைக் கடிகாரத்தை நான்கு நிமிடத்துக்கு வைக்கவேண்டும். மூட்டையைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். மணி ஓடத் தொடங்கியதும் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். மூட்டையை இறக்கு, பைனாகுலரை எடு, பார், அள, திருகைத் திருப்பு, துப்பாக்கியை வை, உடம்பை அமர்த்து.

உடம்பை அமர்த்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. புள்ளியைக் குறிபார்த்துவிட்டுக் கண்ணை மூடவேண்டும். உடம்பைத் தளர்த்தி, ஒரு மூச்சு விடவேண்டும். கண்ணைத் திறந்தால், குறி அதே புள்ளியில் இருக்கிறதா? இருந்தால் சரி. விலகியிருந்தால், நீங்கள் துப்பாக்கியைத் தசை பலத்தால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். சுடும் நேரத்தில் தசை தளரும். குண்டு வேறு பக்கம் போகும். கையால் துப்பாக்கியைத் திருப்பாதீர்கள். உடம்பையே நகர்த்தி உட்காருங்கள்.

பிறகு மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்கு முன் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில் விசையை மெல்ல அழுத்த வேண்டும். 'டிக்' என்று சத்தம் வரும். அந்த நேரத்தில் குறி அசைந்ததா? வெற்றுத் துப்பாக்கியில் இது அப்பட்டமாகத் தெரியும். குண்டு போட்டுச் சுட்டால் வெடிச் சத்தத்திலும் உதைப்பிலும் உங்கள் தவறு மறைந்துவிடும்!

தினம் பதினைந்து நிமிடம் போதும். செலவு? ஒரு காசு இல்லை.

மலையேறும் கால்களையும் மறக்கக்கூடாது. மூட்டையோடு மேடு ஏறிவந்து, இதயம் படபடவென்று அடிக்கும்போது துப்பாக்கியைப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் குறி துள்ளும். இதற்கு மருந்து, போட்டிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே நடக்கத் தொடங்குவதுதான்.

அந்தக் கடைசி வேலை

இப்போது குண்டு போடலாம்.

சின்ன '.22' ரகத் துப்பாக்கி இருந்தால் மிகவும் நல்லது. அதன் குண்டு மலிவு. மெதுவாகப் போகும் குண்டு ஆகையால், 100, 150 கெஜத்திலேயே காற்று அதை நன்றாகத் தள்ளும். பெரிய துப்பாக்கியின் பாடத்தைச் சில்லறைக் காசில் படித்துவிடலாம். இதற்கென்று தனிப் போட்டிகளும் அங்கே நடக்கின்றன. முதன்முதலாக வருகிறவர் அதிலிருந்து தொடங்குவதே மேல் என்பது என் எண்ணம்.

பெரிய துப்பாக்கியில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்வது. தன் குண்டு உண்மையில் என்ன வேகத்தில் கிளம்புகிறது என்று அளந்துகொள்வது. பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தை நம்பக்கூடாது. அது அவர்கள் துப்பாக்கியில் அளந்தது. பிறகு 400, 600, 800 என்று தூரத்தில் சுட்டுப் பார்த்து, கணக்கு சொல்வதும் குண்டு விழுவதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அந்த எண்களை ஓர் அட்டையில் எழுதித் துப்பாக்கியிலேயே ஒட்டிக்கொள்வது. மின்சாரக் கருவி கெட்டுப்போனாலும் அட்டை கெட்டுப்போகாது.

அவ்வளவுதான். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எதையும் மாற்றவே கூடாது. புதுத் தொலைநோக்கி, புது ரகக் குண்டு, யாரோ சொன்ன புது உபாயம், ஒன்றும் வேண்டாம். பத்து மைல் நடக்கப்போகிறவர், கிளம்பும் அன்றைக்கா புதுச் செருப்பு போடுவார்?

சுடும்போது இன்னொன்றையும் பழகவேண்டும். சுட்ட பிறகு பார்ப்பது! பலர் விசையை அழுத்தியதும் தலையைத் தூக்கிவிடுகிறார்கள். 600 கெஜம் போக குண்டுக்கு முக்கால் விநாடிக்கு மேல் ஆகிறது. தலையைத் தூக்காமல் இருந்தால், தூசி எங்கே கிளம்பியது என்று தெரியும். வலப்பக்கம் அரை அடி தள்ளி என்று தெரிந்தால், இரண்டாவது குண்டை அரை அடி இடப்பக்கம் வைக்கலாம். ஒரு புள்ளி கிடைக்கும். பார்க்காதவருக்கு இரண்டாவது குண்டும் குருட்டுக் குண்டுதான்.

தகட்டில் பட்டால் 'டங்' என்று சத்தம் வரும். அதுவும் உடனே வராது. 600 கெஜத்திலிருந்து அந்தச் சத்தம் வந்து சேர ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். அந்த ஒன்றரை விநாடி இருக்கிறதே, அடேயப்பா! பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல் இருக்கும்.

நோட்டு என்ன சொல்கிறது?

"இவ்வளவு பாடுபட்டு என்ன ஆகப்போகிறது? ஓர் இரும்புத் தகடு சத்தம் போடும். அவ்வளவுதானே?" என்று கேட்கலாம்.

அதற்குத்தான் வருகிறேன்.

இந்தப் போட்டிக்கு வருகிறவர்களில் பலர் இலையுதிர் காலத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள். மான், 'எல்க்' என்னும் பெரிய மான். இரும்புத் தகட்டை ஓர் அடி தள்ளிச் சுட்டால் இரண்டு புள்ளி போகும். மானை ஓர் அடி தள்ளிச் சுட்டால்? வயிற்றிலோ காலிலோ காயம்பட்டு ஓடும். எங்கேயோ புதருக்குள் கிடந்து, மணிக்கணக்கில், நாள்கணக்கில் துடித்துச் சாகும். சுட்டவருக்கும் கிடைக்காது.

ஆகையால் இந்தப் போட்டிகளையே குறை சொல்கிறவர்கள் உண்டு. "தூரத்தில் சுடக் கற்றுக்கொடுத்து, ஆசையைக் கிளப்பிவிடுகிறீர்கள். தகட்டில் 800 கெஜத்தில் அடித்தவன், மானையும் 800 கெஜத்தில் சுட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பான்" என்கிறார்கள்.

இதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை 'டங்' என்ற சத்தம் கேட்டவருக்கு, அதற்கு முன் தப்பிய மூன்று குண்டுகள் மறந்துபோகும். இது எல்லா மனிதருக்கும் உள்ள குணம்.

ஆனால் மருந்தும் அந்தப் போட்டிக்குள்ளேயே இருக்கிறது. முதல் குண்டுக்கு ஏன் இரண்டு மடங்கு புள்ளி வைத்தார்கள்? காட்டில் முதல் குண்டுதான் கணக்கு. இரண்டாவது குண்டுக்கு மான் நின்றுகொண்டிருக்குமா?

ஆகையால் போட்டிக்குத் தயாராகிறவர், தன் நோட்டில் இன்னொரு பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாத தூரத்தில், தெரியாத காற்றில், நேரக் கட்டுப்பாட்டுடன் சுட்ட முதல் குண்டு மட்டும் அந்தப் பக்கத்தில் ஏறவேண்டும். பட்டதா, தப்பியதா? இரண்டாவது குண்டு அங்கே வரக்கூடாது. "காற்று திடீரென்று மாறிவிட்டது", "வெயில் கண்ணில் அடித்தது" என்ற சமாதானங்களும் வரக்கூடாது.

ஒருவருடைய பக்கத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 400 கெஜத்துக்குள் சுட்ட பத்தில் பத்தும் பட்டது. 700 கெஜத்தில் பத்தில் நான்குதான் பட்டது.

போட்டியில் அவர் 700 கெஜத்துத் தகட்டைத் தாராளமாகச் சுடலாம். தப்பினால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அதே மனிதர் அக்டோபர் மாதத்தில் ஒரு மலைமுகட்டில் நிற்கிறார். மூன்று நாளாக நடந்திருக்கிறார். நாளை ஊருக்குத் திரும்ப வேண்டும். எதிரே, புல்வெளியில், பெரிய எல்க் ஒன்று மேய்கிறது. கருவியை எடுத்து அளக்கிறார். 690 கெஜம்!

துப்பாக்கி நல்ல துப்பாக்கி. பாறையும் தோதாக இருக்கிறது. விரல் துருதுருக்கிறது. ஆனால் சட்டைப் பையில் நோட்டு இருக்கிறது. பத்தில் நான்கு என்று அவரே எழுதியிருக்கிறார்.

அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்க வேண்டியதுதான். காற்று தன் முகத்தில் அடிக்கும்படி சுற்றிப் போகவேண்டும். ஒரு மணி நேரம் ஆகலாம். முழங்கால் வலிக்கும். போய்ச் சேர்வதற்குள் மான் போய்விடவும் கூடும்.